கடைசிச் சுற்றுக்கு முன் எழும்பிய கை

தானாக வேலை செய்யும் ஒரு பொருளுக்கு உதவி செய்யப் போகக் கூடாது. மற்றவர்கள் இதை எங்காவது படித்துத் தெரிந்திருப்பார்கள். நான் தெரிந்துகொண்டது கொழும்பின் கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில், எண்பது விருந்தாளிகளுக்கு முன்னால். என் மாமனாரின் ஒரு கால் அப்போது அந்தரத்தில் நின்றது.

நான் வேலை பார்ப்பது ஒரு காப்புறுதிக் கம்பனியில். மற்றவர்கள் உடைத்துவிட்டு வரும் சாமான்களைப் பார்த்து, இது எப்படி உடைந்தது என்று விசாரித்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். ('சும்மா இருக்கேக்க தானா உடைஞ்சுது சேர்' என்று சொல்லும் யாரையும் நான் இதுவரை நம்பியதில்லை.) ஆகையால் இந்தச் சம்பவத்தையும் ஓர் அறிக்கை போல ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிவிடுகிறேன். குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே கிடையாது.

என் வீடு வெள்ளவத்தையில். மனைவி ஜெனியின் வீடு கொட்டாஞ்சேனையில். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம். ஆனால் கோயிலுக்குப் போகும் குடும்பத்துப் பெடியன் தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தில் பெண் கேட்டபோது, அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மாமனார் ஸ்டனிஸ்லாஸ் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. கோபமாக ஒரு வார்த்தை பேசியதுமில்லை. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். என்னுடனும் அலுவலகக் கடிதம் எழுதுவது போலத்தான் கதைப்பார். என்னை அவர் கூப்பிடுவது 'மிஸ்டர் முகுந்தன்.' கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் மிஸ்டர் முகுந்தன்தான். சோறு போடும்போதுகூட, மிஸ்டர் முகுந்தனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்படி மாமியிடம் சிபாரிசு செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் மாமா மாமியின் நாற்பதாவது கலியாண நாளைப் பற்றிய பேச்சு வந்தது. அன்றுதான் ஓர் இசைத்தட்டின் கதையை முதன்முதலாகக் கேட்டேன். அவர்களுடைய கலியாணத்தில் மணமக்கள் ஆடுவதற்கென்று மாமா ஒரு வால்ஸ் இசையைத் தெரிவு செய்திருந்தார். கொழும்பில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு சின்ன வாத்தியக்குழு வாசித்துப் பதிந்தது. குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர் மாமாவின் நண்பர். கலியாணப் பரிசாக அந்தச் சின்ன இசைத்தட்டைக் கொடுத்தவரும் அவர்தான். பாட்டின் கடைசியில் மணமகளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கையில் சாய்த்துப் பிடிப்பதற்கு மாமா இரண்டு கிழமை பயிற்சி எடுத்திருக்கிறார். கலியாணத்தன்று அந்த இசைத்தட்டைப் போட்டு ஆட, எல்லாம் அழகாகப் போய், அந்தக் கடைசிச் சுற்று வர, மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது விருந்தாளிகள் சாப்பாட்டு மேசைக்குப் போயிருந்தார்கள்.

"எங்கட டான்ஸ் இன்னும் முடியேல்லை, ஸ்டனி," என்று மாமி ஒவ்வொரு வருடமும் சொல்வாராம். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். மாமா மட்டும் சிரிப்பதில்லை.

இந்த முறை முடித்தே தீருவதென்று மாமா முடிவெடுத்திருந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம். டொக்டரிடம் கேட்டதற்கு, ஒரு நடனம் ஆடலாம், ஆனால் ஒன்றே ஒன்றுதான் என்று அனுமதி கிடைத்திருந்தது. பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைப் பிடித்துப் பயிற்சி எடுப்பதாக மாமி ரகசியமாகச் சொன்னார். இசைத்தட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதைப் போடும் பிளேயர்தான் எப்போதோ பழுதாகிப் போயிருந்தது. மாமாவின் தம்பி யோசப் அங்கிள், இந்தக் காலத்தில் எல்லாமே போனில் இருக்கிறது என்று சொல்லிக் கால் மணித்தியாலம் தேடினார். உலகத்திலுள்ள வால்ஸ் எல்லாம் கிடைத்தது. அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

மாமா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் என் வாய் என்னிடம் கேட்காமலே திறந்தது.

"நான் ஒரு பிளேயர் கொண்டுவாறன் மாமா."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு இதுகளைப் பற்றித் தெரியுமோ, மிஸ்டர் முகுந்தன்?"

"ஓம்," என்றேன்.

(அதுவரை நான் ஒரு இசைத்தட்டைக் கையால் தொட்டதுகூட இல்லை. கோப்பிக் கடை ஒன்றின் சுவரில், நடுவில் மணிக்கூட்டு முள் வைத்து மாட்டியிருந்த இசைத்தட்டைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான்.)

திரும்பி வரும்போது, பஸ் பம்பலப்பிட்டி தாண்டியதும், அப்பா நம்பிவிட்டார், இனி உங்களுக்குத் தப்ப வழியில்லை என்றாள் ஜெனி. தப்பும் எண்ணமே எனக்கு இல்லை. அந்தக் கலியாண நாள் முடியும்போது நான் மிஸ்டர் இல்லாத முகுந்தனாக ஆகியிருப்பேன் என்று அந்த இருக்கையிலேயே உறுதி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே அரைநாள் லீவு போட்டுவிட்டு மருதானைக்குப் போனேன். ஸ்டேசனுக்குப் பின்பக்கம், ஒரு ஒடுங்கிய படிக்கட்டுக்கு மேலே ஃபரீத் நானாவின் கடை. பழைய ரேடியோ, டேப், பிளேயர் எல்லாம் திருத்தி விற்பவர். என்ன தேவை என்று சொன்னதும் இரண்டு பிளேயர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சாதாரணமானது. ஊசி பொருத்திய கையை நாமே தூக்கி வைத்து, பாட்டு முடிந்ததும் நாமே எடுக்க வேண்டும். மற்றது முழு ஓட்டோமெட்டிக்.

அந்த ஓட்டோமெட்டிக்கை அவர் எனக்குக் காட்டியிருக்கக் கூடாது. பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். தட்டுச் சுழலத் தொடங்கியது. ஊசிக்கை தானாகவே மெல்ல எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, இசைத்தட்டின் விளிம்புக்கு நேர் மேலே வந்து ஒரு கணம் நின்று, பிறகு பூ விழுவது போல இறங்கியது. பாட்டு முடிந்ததும் மறுபடி தானாக எழும்பி, திரும்பிப் போய்த் தன்னுடைய இடத்தில் படுத்துக்கொண்டது. 'டக்' என்று ஒரு சத்தம். தட்டும் நின்றது. யாரும் தொடவில்லை. எண்பது பேருக்கு முன்னால் நான் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் காட்சி என் கண்ணில் வந்தது.

"தம்பி, ஒரு பாட்டுக்கு எதுக்கு இவ்வளவு? மத்தத எடுங்க. நீங்களே வெச்சி நீங்களே எடுக்கலாம், ஒரு கரச்சலும் இல்ல," என்றார் ஃபரீத் நானா.

எனக்கு ஓட்டோமெட்டிக்தான் வேண்டும் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கம் சொன்னார். இசைத்தட்டின் அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. பெரிய தட்டா சின்னத் தட்டா என்று முதலிலேயே அதைத் திருப்பி வைக்காவிட்டால் கை பிழையான இடத்தில் இறங்கிவிடும். வேகத்துக்கு வேறொரு திருகு. பிறகு இன்னொரு விசயம்: பாட்டு முடிந்தது என்று இந்த மெசினுக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாது. ஊசி நடுப்பக்கத்துக்கு எவ்வளவு கிட்டப் போய்விட்டது என்பதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். சில சின்ன இசைத்தட்டுகளில் பாட்டு நடுவில் ஒட்டியிருக்கும் தாள் வரைக்கும் போகும். அப்படியானால் பாட்டு முடியுமுன்னே கை எழும்பிவிடும். உள்ளே ஒரு ஆணியைத் திருப்பி அதைச் சரிசெய்யலாம். ஆனால் அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துத்தான் செய்யலாம்.

"எல்லாத்தையும் விட இத மறக்காதீங்க," என்றார். "அது போகக்குள்ளயும் வரக்குள்ளயும் கைய வெச்சிப் பிடிக்காதீங்க. உள்ள பல்லுச் சக்கரம் உடஞ்சிரும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர, கண் அந்த ஊசிக்கையில்தான் இருந்தது.

பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு திரீவீலில் வெள்ளவத்தைக்கு வந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் 'ஹெமின், ஹெமின் மல்லி' என்று, மெல்ல ஓட்டும்படி சிங்களத்தில் நான் கெஞ்ச, அந்தத் தம்பியும் பாவம், காலி வீதியென்னும் நெடுஞ்சாலையில் நடந்து போகிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டினான். வீட்டில் ஒரு கிழமை பயிற்சி. நானா கொடுத்த பெரிய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வயலின் இசை என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் நான் அதைக் கேட்கவே இல்லை. கை எழும்பும், போகும், இறங்கும், அதைப் பார்ப்பேன். பிறகு முடிவுக்காகக் காத்திருப்பேன். கை திரும்பிவந்து படுத்து 'டக்' என்றதும் எனக்கு வரும் சந்தோசம், நானே எழும்பிப் போய்ப் படுத்தால்கூட வராது. நீங்கள் பாட்டுக் கேட்கவில்லை, ஒரு மெசின் நித்திரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஜெனி சொன்னாள்.

வியாழக்கிழமை மாமா போன் எடுத்தார். அவர் எனக்கு நேராகப் போன் எடுத்தது அதுவே முதல் தடவை. எழும்பி நின்றுதான் பதில் சொன்னேன். இசைத்தட்டைக் கொண்டுபோய் ஒருமுறை போட்டுப் பார்க்க விருப்பமா, தந்துவிடுகிறேன் என்று கேட்டார். நாற்பது வருடமாக அலுமாரியில் பொத்திவைத்த சாமானை என்னிடம் தருகிறேன் என்கிறார். ஃபரீத் நானாவின் ஆணி அந்தக் கணம் என் நினைவுக்கு வந்ததா? வந்தது. ஆனால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், இவனுக்கு நிச்சயம் இல்லை என்று மாமா நினைத்துவிடுவாரே என்ற கவலையும் கூடவே வந்தது.

"தேவையில்லை மாமா. இது புல் ஓட்டோமெட்டிக்," என்றேன்.

காப்புறுதி அறிக்கைகளில் 'விபத்துக்கான உடனடிக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நிரப்ப இந்த ஒரு வசனம் போதும்.

கலியாண நாள். காலைப் பூசை முடிந்து எல்லோரும் பங்கு மண்டபத்துக்கு வந்தார்கள். மாமா சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தார். மாமி பால் நிறத்தில் சேலை கட்டி, தலையில் சின்னதாக ஒரு வெள்ளைப்பூ வைத்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் என் பிளேயர். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டோடும் அதை இணைத்திருந்தேன். மைக் யோசப் அங்கிளின் கையில். அவர் கையில் மைக் கிடைத்தால் நடப்பதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்று ஜெனி எச்சரித்திருந்தாள்.

மாமா மெல்லிய தாளில் சுற்றிய இசைத்தட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து என்னிடம் தந்தார். அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். என் உள்ளங்கையை விரித்தால் மூடிவிடும்போல இருந்தது. அந்தப் பெரிய தட்டின் நடுவில், பெரிய மேசையில் வைத்த சின்ன அப்பம் மாதிரிக் கிடந்தது. மாமாவும் மாமியும் மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்கள். எண்பது பேரும் சுற்றிவரக் கதிரைகளில் இருந்தார்கள். இப்போது எங்கள் மருமகன் ஒரே ஒரு பொத்தானைத் தட்டப் போகிறார் என்று யோசப் அங்கிள் அறிவித்தார். நான் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஊசிக்கை எழும்பியது. சிலர் 'ஆ' என்றார்கள். அது ராஜநடை போட்டு வந்து, பெரிய இசைத்தட்டின் விளிம்பு எங்கே இருக்குமோ அந்த இடத்தில், மிகச் சரியாக, இறங்கியது. அங்கே இசைத்தட்டு இல்லை. வெறும் இறப்பர் விரிப்புத்தான். மண்டபத்து ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து தகரக் கூரையில் கல்லை இழுப்பது போல ஒரு சத்தம் போட்டன. முன்வரிசையில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அளவுத் திருகு. ஒரு கிழமை முழுக்கப் பெரிய தட்டிலேயே பழகியதில் அதை அடியோடு மறந்திருந்தேன். நிற்பாட்டி, திருகைச் சின்னத் தட்டுக்குத் திருப்பி, மறுபடி பொத்தானைத் தட்டினேன். கை சரியான இடத்தில் இறங்கியது. இசை வந்தது. ஆனால் அது வால்ஸ் இல்லை. ஒரு பெரிய மிருகம் நோய்ப்பட்டுக் கிடந்து முனகுவது போல இருந்தது. மாமாவும் மாமியும் அந்த இழுவைக்கும் மரியாதை கொடுத்து, தண்ணீருக்கடியில் நடப்பவர்கள் மாதிரி ஓர் அடி எடுத்து வைத்தார்கள். இது செத்தவீட்டு வால்ஸ் போல இருக்கிறதே என்று யோசப் அங்கிள் மைக்கில் சொன்னார். வேகத் திருகு. அதையும் மறந்திருந்தேன்.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. சின்ன வாத்தியக்குழுதான், ஆனால் என்ன இனிமை. மாமா நிமிர்ந்தார். முழங்கால் வருத்தம் இருப்பவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாமியின் முகத்தைப் பார்த்தபோது, நான் இதுவரை அவரைச் சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. சனம் மூச்சு விடாமல் பார்த்தது. நான் கையைக் கட்டியிருந்தேன். இசை உச்சத்துக்கு ஏறியது. மாமா கடைசிச் சுற்றுக்குத் தயாராகி இடது காலைத் தூக்கினார்.

ஊசிக்கை எழும்பிவிட்டது.

பாட்டு அறுந்தது. கை நிதானமாகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. 'டக்.' தட்டு நின்றது. மாமாவின் கால் இன்னும் தூக்கியபடியே இருந்தது. நாற்பது வருடத்துக்கு முதல் கரண்ட் போன அதே இடம். ஒரு சுற்றுக்கூட முந்தவில்லை, பிந்தவில்லை.

யோசப் அங்கிளே மைக்கைத் தாழ்த்திவிட்டார். மாமா காலைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் வலி தெரிந்தது. ஆனால் அவரும் விடுவதாக இல்லை.

"திரும்பப் போடுங்கோ," என்றார்.

போட்டேன். முழுப் பாட்டையும் மறுபடி ஆடினார்கள். இப்போது மாமா இலேசாகக் காலை இழுத்தார். நான் கையைக் கட்டவில்லை. பிளேயருக்கு மேலே குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு நடுத்தாளுக்குக் கிட்டக் கிட்டப் போனது. ஃபரீத் நானா சொன்னது ஒரு சொல் பிசகாமல் நடக்கப் போகிறது என்று தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. கேவலம் ஒரு மெசின் என் மாமாவின் நடனத்தை இரண்டு தரம் அறுப்பதா? விடமாட்டேன். கை எழும்ப வெளிக்கிட்டது. நான் இரண்டு விரலால் அதைப் பிடித்துக் கீழே அமர்த்தினேன்.

மெசினுக்குள்ளே யாரோ முறுக்கைக் கடிப்பது போல ஒரு சத்தம். கை என் விரலுக்குள் ஒரு துள்ளுத் துள்ளியது. ஊசி இசைத்தட்டின் மேல் 'ஸ்ர்ர்க்' என்று குறுக்கே இழுபட்டது. பிறகு கை உயிர் போனது மாதிரித் தளர்ந்துவிட்டது. தட்டு மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. பொத்தானைத் தட்டினேன், நிற்கவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். பொத்தான் கழன்று என் கையோடு வந்தது.

மாமா நொண்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். இசைத்தட்டை எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். உலகத்தில் அவருக்குத் தெரிந்து அது ஒன்றுதான் மிச்சம். வழக்கமாகக் கேட்காமலே திறக்கும் வாயை அன்றைக்கு நானே மூடிக்கொண்டு, கழன்ற பொத்தானை மேசையில் வைத்தேன். அவர் கைலேஞ்சியால் இசைத்தட்டை ஒரு தரம் மெல்லத் துடைத்தார். பாட்டு முடியும் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல்.

"தட்டுச் சுத்துதோ?" என்று கேட்டார்.

"சுத்துது மாமா. ஆனா மற்றதெல்லாம் உடைஞ்சுபோச்சு. கை இனித் தானா எழும்பாது."

"எழும்பாதோ?"

"எழும்பாது."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு இசைத்தட்டைச் சுழலும் தட்டின் மேல் அவரே வைத்தார்.

"அப்ப நல்லது. நீங்கள் கையால போடுங்கோ," என்றார்.

டொக்டர் அனுமதித்தது ஒரு நடனம். இது மூன்றாவது. ஜெனி ஓடிவந்து, காணும் அப்பா, கால் என்னத்துக்கு ஆகும் என்றாள். மாமி அவளைக் கண்ணால் நிற்பாட்டினார். நான் இரண்டு விரலால் அந்தச் செத்த கையைத் தூக்கி விளிம்பில் வைத்தேன்.

இந்த முறை மாமா நேர்த்தியாக ஆடவில்லை. பாதி ஆட்டம், பாதி நொண்டல். மாமிதான் அவரைத் தாங்கிக்கொண்டு போனார் என்று சொல்ல வேண்டும். கீறல் வந்த இடத்தில் 'டிக்' 'டிக்' என்று கேட்டது. ஆனால் ஊசி பாயவில்லை. கை எழும்பும் இடமும் வந்தது. எழும்பவில்லை. வாத்தியங்கள் உச்சத்துக்கு ஏறி, இதுவரை அந்த மண்டபத்தில் யாருமே கேட்டிராத அந்தக் கடைசிச் சுற்று வந்தது. மாமா மாமியைச் சுற்றினார். சாய்த்துப் பிடிக்கும் கட்டத்தில் இவர் அவரைப் பிடித்தாரா, அவர் இவரைப் பிடித்தாரா என்று இன்று வரைக்கும் குடும்பத்தில் தகராறு உண்டு. எப்படியோ இரண்டு பேரும் விழவில்லை. சனம் கைதட்டியது. கன்னியாஸ்திரி எழும்பி நின்று தட்டினார்.

பாட்டு முடிந்துவிட்டது. கை தானாகத் திரும்பாது. தட்டு தானாக நிற்காது. ஊசி கடைசிப் பள்ளத்துக்குள் போய், சுற்றுக்கு ஒரு தரம் 'டொக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. டொக். டொக். டொக். கைதட்டல் அடங்கியபோது ஸ்பீக்கரில் அது மட்டும் கேட்டது. நான் பதறிப்போய் ஊசியைத் தூக்கப் பாய்ந்தேன். மாமா மாமியின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, ஒரு உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார். வேண்டாம் என்று அர்த்தம்.

அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வால்ஸுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு 'ஒன்று'க்கும் ஒரு டொக் சரியாக விழுந்தது. அந்த டொக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பெரிய அடி எதுவும் வைக்காமல், நின்ற இடத்திலேயே இரண்டு பேரும் அசைந்துகொண்டிருந்தார்கள். மாமி மாமாவின் காதில் என்னவோ சொன்னார். மாமா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு சோடி வந்து சேர்ந்தது. ஜெனி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு வால்ஸ் ஆடத் தெரியாது. தெரியாது என்று என் வாழ்க்கையில் நானாகவே சொன்ன அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று. பரவாயில்லை, கேக் வெட்டுமுன்னமே எத்தனையோ பிழை விட்டாயிற்று, இன்னும் ஒன்று விடலாம் என்றாள்.

தட்டு நின்றது சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான். ஊசியை மட்டும் தூக்கிவிட்டு, பிளக்கைக் கழற்ற எல்லோரும் மறந்துபோனோம். பேச்சு நடக்கும்போதும், கேக் வெட்டும்போதும், யோசப் அங்கிள் மைக்கில் பழைய பகிடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும்போதும், அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை அதை மருதானைக்குக் கொண்டுபோனேன். ஃபரீத் நானா அடிப்பலகையைத் திறந்து, உடைந்த பற்களை ஒரு பேப்பரில் கொட்டிக் காட்டினார். இதைத் திருத்தலாமா என்று கேட்டேன். திருத்தத் தேவையில்லை, நிற்பாட்ட ஒரு சுவிட்ச் மட்டும் போட்டுத் தருகிறேன் என்றார். "இப்ப இது கையால போட்டு கையால எடுக்குற மெசின். நான் அன்டைக்கி எடுக்கச் சொன்னதும் இதத்தானே தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. அந்தப் பிளேயர் இப்போது கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் இருக்கிறது. மாமா வெள்ளிக்கிழமைகளில் அந்த இசைத்தட்டைப் போடுவார். இன்னமும் நான் மிஸ்டர் முகுந்தன்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் ஊசியை வைக்கும் வேலை எனக்கு மட்டும்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நான் பெற்ற தண்டனையைச் சொல்லாமல் அறிக்கையை முடிக்க முடியாது. கடைசிச் சுற்றுக்கு முன் கை எழும்பியதை யோசப் அங்கிள் போனில் வீடியோ எடுத்திருந்தார். அது கனடா, லண்டன், பக்கத்திலிருக்கும் மட்டக்குளி என்று சொந்தக்காரர் இருக்கும் இடமெல்லாம் போனது. ஒரு மாதத்துக்குள் என் பெயர் அந்தக் குடும்பத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. நல்ல கட்டத்தில் ஒரு காரியம் அறுந்துபோனால், அது முகுந்திவிட்டது என்று அர்த்தம். டிவி நாடகத்தின் கடைசி நிமிசத்தில் கரண்ட் போனால், 'சீ, முகுந்திட்டுது' என்பார் மாமி. பாதிச் சாப்பாட்டில் எழும்புகிறவர்களைப் பார்த்து, முகுந்தாமல் இருந்து சாப்பிடுங்கோ என்பார்கள். யோசப் அங்கிள் தன் மகளின் நிச்சயதார்த்தம் குழம்பிப் போனதைக்கூட, 'அது முகுந்தினது நல்லதுக்குத்தான்' என்று என் முன்னாலேயே சொன்னார். ஆரம்பத்தில் நான் ஆட்சேபித்தேன். மாமா துறைமுக எழுதுவினைஞருக்கே உரிய நிதானத்தோடு யோசித்து, முந்துவது வேறு, முகுந்துவது வேறு, இரண்டும் அகராதியில் இருக்க வேண்டிய சொற்கள்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போன மாதம், அந்தக் கலியாண நாளுக்குப் பிறகு பிறந்து இப்போது நான்கு வயதாகும் எங்கள் மகளின் பாலர் பள்ளியிலிருந்து டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறாளாம், குழப்படியும் இல்லையாம். ஆனால் ஒவ்வொரு நாளும் விளையாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும், 'டீச்சர், விளையாட்டு முகுந்திட்டுது' என்று சொல்கிறாளாம். இப்போது வகுப்பில் இருக்கும் இருபது பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்களாம். தமிழில் தனக்கு இப்படி ஒரு சொல் தெரியாது, இது எந்த ஊர்ப் பாவனை என்று டீச்சர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அது கொட்டாஞ்சேனைத் தமிழ் டீச்சர்," என்றேன். டீச்சர் தலையாட்டிவிட்டு, என் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தார்.